ஏழு நாள் ஓய்வு முகாம் மனச்சோர்வைத் தீர்க்குமா?

கடந்த தை மாதம் ரொறன்ரோவில் இருக்கும் அக்காவிடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. தென்னை மரங்களுக்கு நடுவே ஒரு நீச்சல் குளம். பக்கத்தில் பாய் விரித்துக் கண்மூடி இருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண். தென்பகுதிக் கடற்கரை ஒன்றிலுள்ள 'வெல்னஸ்' விடுதியின் விளம்பரம் அது. ஏழு நாள், யோகா, தியானம், எண்ணெய்ச் சிகிச்சை, மூன்று வேளையும் சைவச் சாப்பாடு. ஒருவருக்கு 1,350 அமெரிக்க டொலர். தூக்கமின்மை, மன அழுத்தம், மனச்சோர்வு ஆகியவற்றிலிருந்து விடுதலை என்று கீழே எழுதியிருந்தது. அதைத் தொடர்ந்து அக்காவின் குரல் பதிவு: "அம்மாவை இதுக்கு அனுப்புவமா? காசை நான் பாக்கிறன். நீ பத்திரிகையில எழுதிறனிதானே, விசாரிச்சுச் சொல்லு."

அக்காவின் அம்மா எனக்குப் பெரியம்மா. கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். அவருடைய இளைய மகன் 2009 மே மாதத்தில், வட்டுவாகல் பாலம் கடந்து வந்த சனத்துக்குள் காணாமல் போனவர்களில் ஒருவன். அன்றிலிருந்து பெரியம்மா சரியாகத் தூங்குவதில்லை. சில மாதங்கள் மாவட்ட வைத்தியசாலை கிளினிக்குக்குப் போவார், மாத்திரை எடுப்பார். பிறகு விட்டுவிடுவார். சமைப்பதற்கே எழும்ப மாட்டாத கிழமைகளும் உண்டு.

அக்காவின் கேள்வி எங்கள் வீட்டுக்கு மட்டுமான கேள்வி அல்ல என்பது விசாரிக்கத் தொடங்கியதும் தெரிந்தது. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் ஊரிலிருக்கும் தாய் தகப்பனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தவிக்கிறார்கள். முன்பு வீடு கட்டிக் கொடுத்தார்கள், கிணறு வெட்டிக் கொடுத்தார்கள். இப்போது இந்த விளம்பரங்கள் அவர்களுடைய தொலைபேசிக்கும் வருகின்றன. அந்தக் காசு எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்று நான் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

கவலைக்கும் நோய்க்கும் உள்ள வேறுபாடு

எங்கள் ஊர்களில் மனச்சோர்வு என்ற சொல்லை யாரும் பாவிப்பதில்லை. "யோசினை" என்பார்கள். "உடம்பெல்லாம் உளையுது", "நெஞ்சுக்குள்ள எரியுது", "தலைக்குள்ள என்னவோ ஓடுது" என்பார்கள். வைத்தியரிடம் போனாலும் தலையிடிக்கும் நாரி நோவுக்கும்தான் மருந்து கேட்பார்கள். அதனால் நோய் பல வருடம் பெயரில்லாமலே இருந்துவிடுகிறது.

கவலை எல்லோருக்கும் வரும். மனம் சோர்ந்திருப்பது, அல்லது முன்பு பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமற் போவது, நாளின் பெரும்பகுதியும் இரண்டு கிழமைக்கு மேலாகத் தொடர்ந்து, அதோடு தூக்கம், பசி, உடற்சக்தி, கவனம் ஆகியவையும் குலைந்து, அன்றாட வேலையே செய்ய முடியாமல் போகும்போதுதான் அதை மனச்சோர்வு நோய் என்கிறார்கள். தன்னால் ஒரு பயனும் இல்லை என்ற எண்ணம், குற்ற உணர்வு, செத்துப்போனால் நல்லது என்ற நினைப்பு ஆகியவையும் அதன் அறிகுறிகள். இது சோம்பேறித்தனமோ கடவுள் நம்பிக்கைக் குறைவோ அல்ல.

போர் முடிந்த சில மாதங்களில், 2009 ஜூலைக்கும் செப்டெம்பருக்கும் இடையில், யாழ்ப்பாண மாவட்டத்தில் ஓர் ஆய்வு நடந்தது. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் 2011 இல் அது வெளியானது. மனச்சோர்வின் அறிகுறிகள் 22.2 வீதமானோரிடமும், பதற்றத்தின் அறிகுறிகள் 32.6 வீதமானோரிடமும், போர் வடுவினால் வரும் மன நெருக்கீட்டின் அறிகுறிகள் 7 வீதமானோரிடமும் காணப்பட்டன. இடம்பெயர்ந்து முகாம்களில் இருந்தவர்களிடம் இவை இன்னும் கூடுதலாக இருந்தன. வடக்கில் பல்லாண்டுகள் பணியாற்றிய உளமருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம், இந்தக் காயம் தனியாளுக்குரியது மட்டுமல்ல, குடும்பமும் ஊரும் சேர்ந்து பட்ட கூட்டுக் காயம் என்று தொடர்ந்து எழுதி வந்திருக்கிறார். தனியாளை ஊரிலிருந்து பிரித்துக் கூட்டிப்போய்க் குணமாக்கும் ஒரு முறையைப் பற்றிப் பேசும்போது இதை மனதில் வைத்திருக்க வேண்டும்.

முகாமில் என்ன நடக்கிறது

'வெல்னஸ் ரிட்ரீட்' என்பதைத் தமிழில் நலவாழ்வு ஓய்வு முகாம் என்று சொல்லலாம். இலங்கையில் இவை பெரும்பாலும் பேருவளை, பெந்தோட்டை, வெலிகம போன்ற கடற்கரைகளிலும் கண்டியைச் சுற்றிய மலைகளிலும் இருக்கின்றன. கூடுதலாக வருபவர்கள் ஐரோப்பியச் சுற்றுலாப் பயணிகள். விடிய எழும்புதல், யோகா, மூச்சுப் பயிற்சி, நேரத்துக்குச் சாப்பாடு, எண்ணெய் தேய்த்தல், நடை, தொலைபேசி இல்லாத இரவு. நாளாந்த ஒழுங்கு கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் இதுதான்.

இதில் பயனில்லை என்று நான் சொல்ல மாட்டேன். மனச்சோர்வு ஒருவருடைய நாளின் ஒழுங்கைத்தான் முதலில் குலைக்கிறது. இரவும் பகலும் மாறிப்போகும், சாப்பாடு தவறும், உடம்பு அசையாது, ஆட்களோடு பேச்சு நின்றுபோகும். முகாம் இவை ஒவ்வொன்றையும் சில நாட்களுக்குத் திருப்பித் தருகிறது. பத்து வருடமாக மற்றவர்களுக்குச் சமைத்துப் போட்ட ஒரு பெண்ணுக்கு யாரோ சமைத்துப் பரிமாறுவதே பெரிய விடயம்.

எங்கள் சமூகத்துக்கு இது புதிதும் அல்ல. கந்தசஷ்டிக்கு ஆறு நாள் கோவிலிலேயே தங்கி விரதம் இருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கத்தோலிக்கர்கள் ஒடுக்கம், தியானம் என்று சில நாட்கள் ஒதுங்கி இருப்பார்கள். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கிழக்குக் கரை வழியாக ஒரு மாதத்துக்கு மேல் நடக்கும் பாதயாத்திரை போரினால் தடைப்பட்டாலும் மறுபடி நடக்கிறது. வீட்டை விட்டுப் போதல், எளிய சாப்பாடு, உடம்புக்கு வேலை, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லுதல், கூட்டமாக இருத்தல் ஆகிய எல்லாம் அவற்றிலும் உண்டு. பேராசிரியர் சோமசுந்தரமும் சிகிச்சையில் இந்த வழிகளைப் பயன்படுத்தியது பற்றி எழுதியிருக்கிறார். சைவர்களுக்கு மந்திர ஜெபமும் சாந்தியாசனமும், கத்தோலிக்கர்களுக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர், பௌத்தர்களுக்கு ஆனாபானசதி என்று அவரவர் அறிந்த வழியிலேயே மனதை ஆற்றும் பயிற்சிகள் அவை.

ஆய்வுகள் சொல்வதும் விளம்பரம் சொல்வதும்

தியானம் மனச்சோர்வைக் குணப்படுத்தும் என்று விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது என விளம்பரங்கள் சொல்கின்றன. உண்மை அதைவிடக் குறுகியது.

1979 இல் அமெரிக்காவின் மசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் கபாட்-சின் என்பவர் நோயாளர்களுக்காக மனக்கவனப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் என்ற மூன்று உளவியலாளர்கள் அதை மனச்சோர்வுக்கு ஏற்றபடி மாற்றினார்கள். 2000 இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வு வந்து தேறியவர்களில், வழமையான கவனிப்பு மட்டும் பெற்றோரில் 66 வீதமானோருக்கு ஓராண்டுக்குள் நோய் திரும்பியது. பயிற்சி பெற்றோரில் 37 வீதமானோருக்கே திரும்பியது. 2015 இல் லான்செட் சஞ்சிகையில் 424 பேரை வைத்துச் செய்த இங்கிலாந்து ஆய்வு வெளியானது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் 47 வீதமானோருக்கும், பயிற்சி பெற்று மருந்தைப் படிப்படியாகக் குறைத்தவர்களில் 44 வீதமானோருக்கும் இரண்டு ஆண்டுகளில் நோய் திரும்பியது. அதாவது இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன.

இங்கே கவனிக்க மூன்று விடயங்கள் உண்டு. முதலாவது, இந்த ஆய்வுகளில் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே தேறியிருந்தவர்கள். பயிற்சியின் நோக்கம் நோய் திரும்பாமல் தடுப்பது. கட்டிலை விட்டு எழும்ப முடியாத நிலையில் இருந்தவர்கள் அல்ல அவர்கள். இரண்டாவது, பயிற்சி எட்டுக் கிழமை நடந்தது. கிழமைக்கு ஒரு வகுப்பு, மற்ற நாட்களில் தங்கள் வீட்டில், தங்கள் பிரச்சினைகளுக்கு நடுவே பயிற்சி. மூன்றாவது, அதை நடத்தியவர்கள் மனநோய் பற்றிப் பயின்றவர்கள், மருந்தைக் குறைத்ததும் வைத்தியரின் மேற்பார்வையில்தான். ஏழு நாள் கடற்கரை விடுதியில் இந்த மூன்றும் கிடைப்பதில்லை.

கண்மூடும்போது வருவது

இதை எழுதுவதற்கு எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2023 இல் கண்டிக்கு அண்மையில் ஒரு மூன்று நாள் தியான முகாமுக்கு நானே போனேன். வேலை நெருக்கடி, தூக்கம் இல்லை, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். முதல் நாள் நன்றாகவே இருந்தது. இரண்டாம் நாள் காலை மண்டபத்தில் எல்லோரும் கண்மூடி இருந்தபோது மலைக்கு மேலால் ஒரு ஹெலி போனது. போரின் கடைசி மாதங்களில் எனக்குப் பத்தொன்பது வயது. உடம்பு நடுங்கத் தொடங்கியது. கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மண் மணம் மூக்குக்குள் வந்தது. பங்கருக்குள் இருக்கும்போது வரும் அதே மணம். ஆசிரியர் மெல்ல வந்து, வருவதை அப்படியே கவனியுங்கள், எழும்ப வேண்டாம் என்றார். அவர் கெட்டவர் அல்ல. அவருக்கு யாரும் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

நான் எழும்பிப் போய்விட்டேன். சமையலறைக்குப் பின்னால் ஒரு அம்மா பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தார். பேசாமல் பக்கத்தில் இருந்து நானும் உரித்தேன். அரை மணித்தியாலத்தில் நடுக்கம் நின்றது.

இது எனக்கு மட்டும் நடந்ததல்ல என்பதைப் பிறகு வாசித்து அறிந்தேன். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தியானம் செய்தவர்களுக்கு ஏற்பட்ட கடினமான அனுபவங்களைத் திரட்டி 2017 இல் வெளியிட்டார்கள். பயம், பழைய நினைவுகள் மீண்டு வருதல், தூக்கம் கெடுதல் எல்லாம் அதில் பதிவாகியிருக்கின்றன. போரையோ வன்முறையையோ அனுபவித்தவர்களுக்கு வெளிச்சத்தம் அடங்கியவுடன் உள்ளே அடக்கி வைத்தது மேலே வருவது இயல்பு. அப்போது கண்ணைத் திறக்கவும், எழும்பி நடக்கவும், கையால் ஏதாவது வேலை செய்யவும், ஓர் ஆளோடு பேசவும் இடம் இருக்க வேண்டும். அதிக நேர மௌனமும் அசையாமல் இருப்பதும் எல்லோருக்கும் மருந்தாகாது.

பொறுப்பான தியான நிலையங்கள் இதை அறிந்திருக்கின்றன. கோயங்கா வழி விபாசனா நிலையங்களின் பத்து நாள் வகுப்புக்குக் கட்டணம் இல்லை. இலங்கையிலும் நடக்கிறது. ஆனால் விண்ணப்பப் படிவத்திலேயே மனநோய் வரலாற்றையும் எடுக்கும் மருந்துகளையும் கேட்கிறார்கள். கடுமையான மனநோய் உள்ளவர்களுக்கு இந்த வகுப்பு ஏற்றதல்ல, இது வைத்தியத்துக்கு மாற்றும் அல்ல என்று அவர்களே சொல்கிறார்கள்.

அக்கா அனுப்பிய விளம்பரத்திலிருந்த விடுதிக்கும் தொலைபேசி எடுத்தேன். பேசிய அலுவலர் மரியாதையாகவே பதில் சொன்னார். மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர் வைத்தியரின் கடிதம் கொண்டுவர வேண்டும் என்றார். விடுதியில் உளமருத்துவரோ உளவளத்துணையாளரோ இல்லை. தமிழ் பேசுபவர் யாராவது உண்டா என்று கேட்டபோது, தோட்ட வேலைக்கு ஒருவர் இருக்கிறார் என்றார். நாங்கள் நோய்க்குச் சிகிச்சை செய்வதில்லை, களைப்பாக வருகிறவர்களுக்கு ஓய்வு கொடுக்கிறோம் என்றும் சொன்னார். விளம்பரத்தில் இதில் ஒன்றுகூட இல்லை.

மாத்திரையை நிறுத்தாதீர்கள்

இதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய பயம். மன்னார்ப் பக்கம் நான் சந்தித்த ஒரு பெண் ஒரு சுகமாக்கல் முகாமுக்குப் போயிருந்தார். இங்கிலிஷ் மருந்து உடம்பில் நஞ்சு சேர்க்கும், விட்டுவிடுங்கள் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். அவரும் விட்டுவிட்டார். முதல் இரண்டு கிழமை நன்றாக இருந்தது. ஐந்தாவது கிழமை அவரை வைத்தியசாலையில் அனுமதிக்க வேண்டி வந்தது.

மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரைகள் தலையிடி மாத்திரை போல உடனே வேலை செய்வதில்லை. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு கிழமை, சிலருக்கு அதற்கு மேலும் எடுக்கும். அந்த நாட்களில் குமட்டல், வாய் உலர்தல் போன்றவை வரலாம். மருந்து ஒத்துவரவில்லை என்று பலர் அப்போதே நிறுத்திவிடுகிறார்கள். சுகமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். பல முறை நோய் வந்தவர்களுக்கு இன்னும் நீண்ட காலம். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்று, பதற்றம், தூக்கக் குழப்பம் வரும், நோயும் திரும்பலாம். குறைப்பதானால் வைத்தியருடன் பேசிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இவை தூக்க மாத்திரைகளும் அல்ல, போதைப்பொருளும் அல்ல.

திரும்பி வரும் நாள்

முகாமில் ஒரு கிழமை நன்றாக இருந்து வந்தவரும் எட்டாம் நாள் அதே வீட்டுக்குத்தான் வருகிறார். நுண்கடன் காசு சேர்க்க வருபவர் அதே செவ்வாய்க்கிழமை வருவார். காணி விடுபடாதவருக்குக் காணி விடுபட்டிருக்காது. காணாமல் ஆக்கப்பட்டவர் பற்றிப் பதில் கிடைத்திருக்காது. இடமும் முக்கியம். காங்கேசன்துறைக் கடற்கரையில் இராணுவம் நடத்தும் ஓய்வு விடுதி ஒன்று இருக்கிறது. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட ஒரு குடும்பத்தவரை அங்கே கொண்டுபோய் ஓய்வெடுங்கள் என்று சொல்ல முடியாது.

அப்படியானால் வீட்டிலிருந்தபடி என்ன செய்யலாம்? சிறிய செயல்களை நேரம் குறித்து மறுபடி தொடங்குவது நல்ல ஆதாரமுள்ள ஒரு சிகிச்சை முறை. மனம் சரியானதும் செய்வேன் என்று காத்திராமல், செய்வதன் வழியாக மனதை எழுப்புவது. காலை ஏழு மணிக்கு முற்றம் கூட்டுவது, பின்னேரம் பக்கத்து வீடுவரை நடப்பது, வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போவது, இப்படி ஆளுக்கு ஏற்றபடி ஒரு பட்டியல். 2016 இல் இங்கிலாந்தில் 440 பேரை வைத்துச் செய்த ஆய்வில், குறுகிய பயிற்சி பெற்ற ஊழியர்கள் நடத்திய இந்த முறை, தகைமை பெற்ற உளச்சிகிச்சையாளர்கள் நடத்திய சிகிச்சைக்குக் குறையாத பலனைத் தந்தது.

சிம்பாப்வேயின் அனுபவம் இன்னும் எங்களுக்குக் கிட்டியது. அங்கே மனச்சோர்வுக்கு ஷோனா மொழியில் சொல்லும் சொல்லின் பொருள் 'அதிகம் யோசித்தல்'. எங்கள் யோசினைதான். டிக்சன் சிபாண்டா என்ற உளமருத்துவர் 2006 இல் ஹராரே நகரில், சுகாதார நிலைய வளவில் ஒரு மரவாங்கு போட்டு, ஊரின் வயதான பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அதில் இருத்தினார். வருபவரின் கதையை அவர்கள் கேட்பார்கள். பல பிரச்சினைகளில் ஒன்றைத் தெரிவு செய்து, அதற்கு இந்தக் கிழமை என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்பார்கள். 573 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2016 இல் வெளியானது. ஆறு மாதங்களின் பின், வழமையான கவனிப்புப் பெற்றோரில் ஏறக்குறைய 50 வீதமானோருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. வாங்கில் இருந்து பேசியவர்களில் அது ஏறக்குறைய 14 வீதம். விடுதியும் இல்லை, நீச்சல் குளமும் இல்லை.

எங்கே போகலாம்

அரச வைத்தியசாலைகளில் மனநலச் சிகிச்சை இலவசம். யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைகளிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகள் உண்டு. வன்னியின் மாவட்ட வைத்தியசாலைகளிலும் மனநல கிளினிக்குகள் நடக்கின்றன. யாழ்ப்பாணத்தில் சாந்திகம் நிறுவனம் 1980களிலிருந்து உளவளத்துணை வழங்கி வருகிறது. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். கிராம அலுவலரிடம் விசாரித்தால் வழி சொல்வார். அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். தமிழில் பேச வேண்டும் என்று கேளுங்கள். உயிரை விட நினைக்கும் ஒருவர் வீட்டில் இருந்தால் அவரைத் தனியே விடாமல், உடனே 1926 க்கு அழையுங்கள், அல்லது அருகிலுள்ள வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். 1990 அம்புலன்ஸ் சேவை இலவசம்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு முகாமுக்குப் போக விரும்பினால், அல்லது அனுப்ப விரும்பினால், காசு கட்ட முன் இவற்றைக் கேளுங்கள். மனநலம் படித்த யாராவது அங்கே இருக்கிறார்களா? தமிழில் பேச முடியுமா? மருந்தைத் தொடர விடுவார்களா? நிறுத்தச் சொன்னால் அந்த இடம் வேண்டாம். நடுவில் எழும்பிப் போகலாமா, வீட்டுக்குத் தொலைபேசி எடுக்கலாமா? துணைக்கு ஓர் ஆள் வரலாமா? இரவில் நிலைமை மோசமானால் எந்த வைத்தியசாலைக்குக் கொண்டுபோவார்கள்? முடிந்த பிறகு யார் தொடர்பில் இருப்பார்கள்? நோய் கடுமையாக இருக்கும் காலத்தில் முகாம் வேண்டாம். ஓரளவு தேறி, மருந்தும் கிளினிக்கும் ஒழுங்காக நடக்கும்போது ஓய்வுக்காகப் போவதில் தவறில்லை.

பெரியம்மா சொன்னது

இதெல்லாம் விசாரித்த பிறகுதான், கேட்க வேண்டிய ஆளிடம் இன்னும் கேட்கவில்லை என்பது உறைத்தது. பெரியம்மா வீட்டுக்குப் போனேன். படத்தைக் காட்டினேன். நல்லாத்தான் இருக்குது என்றார். எவ்வளவு என்று கேட்டார். நான் ரூபாயில் சொன்னதும் சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"ஏழு நாள் நான் அங்க போய்க் கிடக்கேக்க அவன் வந்தா ஆர் பிள்ளை கதவு திறக்கிறது?"

பதினைந்து வருடத்துக்கு மேலாக அவர் ஓர் இரவுக்கு மேல் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனதில்லை என்பதை அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். கொழும்பில் கலியாணத்துக்குக் கூப்பிட்டபோதும் வரவில்லை. நாங்கள் பயணம் ஒத்துக்கொள்ளாது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

உறவினர் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத இந்த நிலையைப் போலின் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 'தெளிவற்ற இழப்பு' என்று பெயரிட்டு அரை நூற்றாண்டாக எழுதி வருகிறார். இதற்கு ஒரு முடிவு கட்டி மறந்துவிடச் சொல்வது உதவாது, இரண்டு நினைப்பையும் ஒன்றாகத் தாங்கிக்கொண்டு வாழ மற்றவர்களின் துணை வேண்டும் என்பது அவருடைய கருத்து. பதில் தர வேண்டியவர்கள் பதில் தராதவரை சிகிச்சையும் முழுமையடையாது. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தொடங்கிய தாய்மாரின் போராட்டத்தில் பெரியம்மாவும் போய் இருந்தார். அங்கே போய் இருந்தால் அன்றைக்குச் சாப்பிட மனம் வரும் என்று சொல்லியிருக்கிறார். நாங்கள் அதை மருந்தாக எண்ணவில்லை.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழுதார், பிறகு கணக்குப் போட்டார். மாதம் ஒருமுறை கிளினிக் நாளில் ஆட்டோ வந்து ஏற்றி இறக்குவதற்குக் காசு. கூடப் போகும் பக்கத்து வீட்டு அக்காவுக்கு அன்றைய கூலி இழப்புக்கு ஒரு தொகை. பழுதாகிக் கிடந்த தையல் மெசினுக்குத் திருத்தம். இவை எல்லாம் சேர்த்து ஒரு வருடத்துக்கும் 1,350 டொலருக்குக் குறைவாகவே வந்தது.

வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குப் பெரியம்மாவைக் கூட்டிப் போனோம். அன்றிரவு அவருடைய வீட்டில் என் தம்பி தங்கினான். திண்ணையில் வெளிவிளக்குப் போட்டு, கதவைத் தாளிடாமல் இருக்க வேண்டும் என்பது பெரியம்மாவின் கட்டளை. கோவில் மணலில் பாய் விரித்து, போராட்டக் கொட்டகையில் பழகிய இரண்டு தாய்மாரோடு விடியும்வரை கதைத்துக்கொண்டிருந்தார். இடையில் ஒன்றரை மணித்தியாலம் தூங்கினார். நான் நேரம் பார்த்தேன்.

அவர் சுகமாகிவிட்டார் என்று எழுத முடியாது. போன கிழமையும் இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். ஆனால் ஆறாவது மாதமாக கிளினிக் தவறவில்லை. மாத்திரை அட்டையில் எத்தனை மிச்சம் என்று அக்கா ரொறன்ரோவிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறார். பெரியம்மா அட்டையைக் கமராவுக்கு முன்னால் பிடித்துக் காட்டுகிறார்.